பட்டறைத் திண்ணை: உப்புக்காற்றில் பழைய கார்

இந்த முறை வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே ரகம். கார் பழையது, ஊர் கடலோரம், ஆயிலையும் ஸ்டீயரிங்கையும் நானே பார்த்துக்கொள்ளலாமா?

பார்த்துக்கொள்ளலாம். "நீங்களே இப்படி எழுதினால் நம் பிழைப்பு என்னாவது?" என்று பட்டறைப் பையன் கேட்டான். பாதி வேலையில் மாட்டிக்கொண்டு எப்படியும் இங்கேதான் வருவார்கள், கவலைப்படாதே என்று சொல்லியிருக்கிறேன். திருப்புல்லாணி வாசகரின் கடிதம் கீழே இருக்கிறது, பாருங்கள்.

*

மண்டபம் முகாம் வாசகர்: "என்னிடம் 2003 மாடல் எஸ்டீம், பவர் ஸ்டீயரிங் உள்ளது. காலையில் முதல் திருப்பத்தில் மாடு முனகுவது மாதிரி ஒரு சத்தம். ஸ்டீயரிங்கும் கனம். பவர் ஸ்டீயரிங் ஆயில் டேங்கைத் திறந்தால் ஆயில் கருப்பாக இருக்கிறது. பம்ப் போய்விட்டது என்கிறார்கள். அதற்கு முன் ஆயிலை நானே மாற்றிப் பார்க்கலாமா அண்ணே?"

முனகல் என்று சரியாக எழுதினீர்கள் தம்பி. பாதிப் பேர் "சத்தம்" என்று மட்டும் எழுதிவிட்டு என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறார்கள். கீச்சென்று கத்தினால் அது பெல்ட். முனகினால் பம்புக்குள் காற்று இருக்கிறது, அல்லது ஆயில் குறைவு, அல்லது ஆயில் கெட்டுவிட்டது. இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும். பம்ப் விலை உங்களுக்கே தெரியும்.

ஊற்றுவதற்கு முன் பாருங்கள். முன் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா? பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா, தொளதொளவென்று ஆடுகிறதா? ஸ்டீயரிங்கை முழுச் சுற்று சுற்றும்போது எல்லா இடத்திலும் ஒரே கனமா, ஏதோ ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறதா? ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டீயரிங் ராடு கீழே இறங்கும் இடத்தில் ஒரு ஜாயிண்ட் இருக்கிறது, அதன் கிராஸ் துருப்பிடித்திருக்கும். நம் பக்கத்தில் அது சர்வ சாதாரணம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிக்க உங்கள் மண்டபம் முகாமைத்தான் தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்ட காற்றில்தான் நீங்கள் காரை நிறுத்துகிறீர்கள்.

அப்புறம் கீழே குனிந்து, ரேக்கின் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டு) இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையை, அதாவது பூட்டை, விரலால் அமுக்குங்கள். உள்ளே களக் களக் என்று ஆயில் ஆடினால் ரேக்கின் சீல் போய்விட்டது. புது ஆயில் ஊற்றினால் அதுவும் அந்த பூட்டுக்குள்தான் போய்ச் சேரும். பூட் காய்ந்திருந்தால் நல்லது, மேலே படியுங்கள்.

எந்த ஆயில்? டேங்க் மூடியில் எழுதியிருக்கும், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். உங்கள் வயதுக் கார்களில் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்), சிவப்பாக இருக்கும். ஹோண்டா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஏடிஎஃப் வாங்கிவிடாதீர்கள். ஹோண்டாவுக்கு அவர்களுடைய தனி ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

மாற்றும் முறை சின்னது. மெடிக்கல் ஷாப்பில், மூக்குக் குழாய் வழியாக நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பார்களே, அந்தப் பெரிய சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள். அதன் மூக்கில் ஒரு முழம் மெல்லிய குழாயைச் சொருகுங்கள். டேங்க் மூடியைச் சுற்றித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அப்புறம் திறங்கள். உங்கள் தெருவில் பறப்பது கடற்கரை மணல், அது பம்புக்குள் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். டேங்கில் உள்ளதை உறிஞ்சி எடுங்கள், புதியதை அளவுக்கோடு வரை ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிவரை, அந்தக் கடைசிவரை மெதுவாக மூன்று தடவை திருப்புங்கள். கடைசியில் போய் முட்டியதும் உடனே திரும்பிவிட வேண்டும். அங்கேயே பிடித்து வைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் கொதிக்கும், ஐந்து வினாடிக்கு மேல் கூடாது. இன்ஜினை நிறுத்துங்கள். இது ஒரு தடவை.

ஒரே தடவையில் எல்லாம் மாறிவிடாது. மொத்தம் ஒரு லிட்டர் ஆயில், அதில் டேங்கில் நிற்பது 300 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பத்தில் மூன்று பங்குதான் புதிதாகிறது. ஐந்து தடவை செய்தால் பழையது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒன்றரை லிட்டர் ஆயில் செலவாகும். ஒரே நாளில் ஐந்தும் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று ஐந்து வாரம் செய்யுங்கள், இடையில் கார் ஓட ஓடப் பழையதும் புதியதும் கலக்கும், குழாய்களில் ஒட்டிய கருப்பும் இறங்கும். டேங்கின் அடியில் சல்லடை இருக்கும் வண்டி என்றால் அதையும் ஒருமுறை கழுவிவிடுங்கள். அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டு முனகிய வண்டிகளுக்குப் பம்ப் மாற்றிய கதைகள் எனக்கு நிறையத் தெரியும். ஒன்றில் நானும் உடந்தை.

திரும்பி வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஊற்ற ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, ஒரே மூச்சில் மாற்றும் முறை ஒன்று உண்டு. தனி ஆளாகச் செய்யாதீர்கள். எனக்கு அனுபவம் போதாத காலத்தில் ஒரு கல்யாண வண்டிக்கு அப்படிச் செய்தேன். ஊற்றுகிற பையன் தேநீர்க்காரரைப் பார்த்துத் திரும்பினான், டேங்க் வற்றியது. பம்புக்கு அந்த ஆயிலேதான் உயவு. இருபது வினாடி வெறுமனே சுற்றியதில் முனகல் அலறலாகிவிட்டது. பம்ப் காசை நான்தான் கொடுத்தேன்.

மாற்றிய பிறகு ஆயிலில் நுரை தெரிந்தால் காற்று உள்ளே இருக்கிறது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிடாமலே ஸ்டீயரிங்கைக் கடைசிக்குக் கடைசி பதினைந்து இருபது தடவை திருப்புங்கள். குமிழி வருவது நிற்கும் வரை திருப்ப வேண்டும். கை வலிக்கும்.

*

தொண்டி வாசகர்: "படகுக்கு வாங்கிய ஹைட்ராலிக் ஆயில் ஐந்து லிட்டர் மிச்சம் இருக்கிறது. டப்பாவில் 68 என்று போட்டிருக்கிறது. காரின் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றலாமா? இன்னொருவர் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விட்டால் கனம் போகும் என்கிறார்."

அந்த 68 என்பது கெட்டித்தன்மையின் அளவு. ஏடிஎஃப் அந்தக் கணக்கில் முப்பத்தைந்தைச் சுற்றி வரும். ஆக, இரண்டு மடங்கு கெட்டியான ஆயிலைச் சின்னப் பம்பு இழுக்க வேண்டும் என்கிறீர்கள். சீல்களுக்கும் ஒத்துவருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படகுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் சொன்னவரைத் தலைக்குத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூட்டில் அது பிசினாக மாறும். வடைச் சட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்குமே, அதுதான் உங்கள் வால்வுக்குள் ஒட்டும்.

*

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்: "மகன் துபாயில் இருக்கிறான். கார் ஒன்பது மாதமாக ஷெட்டில் நிற்கிறது. அடுத்த மாதம் வருகிறான். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று தெருப்பையன் சொல்கிறான். அவனே ஆயில் மாற்றித் தருகிறேன் என்கிறான். விடலாமா?"

ஓடாத கார் கெடாது என்று நினைப்பது நம் ஊர் வழக்கம் அம்மா. உங்கள் ஊரில் பூட்டிய ஷெட்டுகளில் நிற்கும் கார்கள்தான் ஓடுகிற வாடகைக் கார்களைவிடச் சீக்கிரம் கெடுகின்றன. பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது, மாதம்தான் தெரியும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்தால் அது 155 வரை இறங்கலாம். டாட் 3 என்ற வகைக்கு இந்த இரண்டு அளவும் 205, 140. ராமநாதபுரம் வரை போய்வரும் நேர்ச்சாலையில் வித்தியாசம் தெரியாது. மகன் குடும்பத்தோடு கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது தெரியும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். நம் பக்கத்தில் நான் ஒன்றரை வருடம் என்று வைத்திருக்கிறேன்.

பையன் மாற்றலாம், ஆனால் இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.

பிரித்து வைத்த டப்பா வேண்டாம், கடையில் முத்திரையோடு இருக்கும் சின்ன டப்பா இரண்டு வாங்கட்டும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு என்று அலமாரியில் வைக்கக்கூடாது, அதுவும் ஈரம் குடித்துவிடும். டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கும், அது சிலிகான், இதோடு சேராது. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று அதை எடுத்துவிடப் போகிறான்.

சக்கரத்துக்குப் பின்னால் காற்று வெளியேற்றும் நிப்பிள் இருக்கும். ஒன்பது மாத உப்புக்காற்றில் அது கெட்டியாகியிருக்கும். முதல் நாள் இரவே துரு எண்ணெய் (துருவை இளக்கும் எண்ணெய்) அடித்து ஊறவிட வேண்டும். காலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, வாய் திறந்த ஸ்பானர் போடாமல் ரிங் ஸ்பானரில் கழற்ற வேண்டும். நிப்பிள் முறிந்தால் வேலை நூறு ரூபாயிலிருந்து ஆயிரங்களுக்குப் போய்விடும்.

மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது பொது வழக்கம். நம் வண்டிகளில் அது பின் இடது. ஆனால் சில கார்களுக்கு வரிசை வேறு, கையேடு சொல்வதே சரி. கண்ணுக்குத் தெரிகிற குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனை ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிரேக் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மேலே டேங்க் எந்த நேரத்திலும் வற்றக்கூடாது.

முக்கியமான ஒன்று. மிதியைத் தரை வரை அமுக்கக் கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ரப்பர் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும். ரப்பர் அதன் மேல் உரசினால் கிழியும், மாலையில் பிரேக் இருக்காது. மிதிக்கு அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், இல்லையென்றால் தோல் உரிந்தாற்போல் உரியும். எல்லாம் முடிந்தும் மிதி பஞ்சு மாதிரியே இருந்தால் காரைத் தெருவில் இறக்கவே வேண்டாம், ஆளை வீட்டுக்கு அழையுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பழகிய பட்டறையில் தண்ணீர் பாட்டிலில் ஏடிஎஃப் இருந்தது. அந்தி நேரம், வெளிச்சம் இல்லை, அதைப் பிரேக் டேங்கில் ஊற்றிவிட்டேன். பிரேக் ரப்பருக்குக் கனிம எண்ணெய் விஷம். மறுநாள் காலையில் ரப்பர் எல்லாம் ஊறி உப்பி, சக்கரம் பிடித்துக்கொண்டு கார் நகரவில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரும், ஹோஸும் மாற்றினோம். அன்றிலிருந்து என் பட்டறையில் எந்த ஆயிலும் குடிதண்ணீர் பாட்டிலில் இருக்காது. பிரேக் டேங்கில் சிவப்பு தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

அடுத்த தடவை மகன் ஊருக்குப் புறப்படும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு கட்டை வைத்தால் போதும்.

*

திருப்புல்லாணி வாசகர்: "மாருதி 800க்குக் கியர் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயில் முழுவதையும் வடித்துவிட்டேன். இப்போது ஊற்றுகிற போல்ட் கழலவில்லை. தலையும் வழுக்குகிறது. என்ன செய்ய?"

வாருங்கள், வாருங்கள். உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊற்றுகிற வாய் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கிற வாயைத் திறக்க வேண்டும். மேல் போல்ட் கழலவில்லை என்றால் பழைய ஆயிலோடாவது பட்டறைக்கு ஓட்டி வந்திருக்கலாம். இப்போது ஓட்டாதீர்கள், ஒரு தெரு கூட.

அடி போல்ட்டைப் புது வாஷர் போட்டு மூடுங்கள். மேல் போல்ட்டுக்குத் துரு எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்துகிற சாக்கெட் போட்டு, முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கம் அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். அப்போதும் மசியவில்லை என்றால், சில கியர்பாக்ஸ்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இறங்கும் துளை வழியாக ஊற்றலாம். ஆனால் அங்கே அளவு பார்க்க முடியாது, கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்ற வேண்டும்.

ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 என்று கேளுங்கள். கடைக்காரர் ஜிஎல்-5 உயர்ந்தது என்று தருவார். அதிலுள்ள கந்தக மருந்து பழைய கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

*

சாயல்குடி வாசகர்: "அப்பா வைத்திருந்த 1994 அம்பாசடர். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸுக்கு ஆயில் ஊற்றினால் சரியாகுமா? நிற்கும்போது ஸ்டீயரிங் ஆட்டமும் இருக்கிறது."

அம்பாசடருக்கு ஸ்டீயரிங் பாக்ஸே கிடையாது ஐயா, அது ரேக். பாக்ஸ் வைத்து ஆயில் கேட்பது பத்மினி காரும் பழைய ஜீப்பும். உங்கள் வண்டியின் ஜாயிண்ட்டுகள் கேட்பது கிரீஸ்.

முதலில் இதைச் செய்யுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு சக்கரமும் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாயல்குடி மணலில் ஜாக்கி நேராக இறங்கிவிடும், அதற்கடியில் அகலமான பலகை போடுங்கள். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல் வைத்துவிட்டுக் கீழே படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் காட்டிவிட்டு உடையாது, ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தோடு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் கனம் டயரில் இருக்கிறது. காற்று குறைவு, அல்லது அளவு மாறிய அகல டயர், அல்லது அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. அந்தரத்திலும் கனமாக இருந்தால் ஜாயிண்ட்டுகள் காய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

கிரீஸ் நிப்பிள் எத்தனை என்று ஒரு முறை எண்ணி, ஒரு அட்டையில் எழுதி டிக்கியில் ஒட்டிவையுங்கள். என்னிடம் வரும் அம்பாசடர்களில் மேலே கண்ணுக்குத் தெரியும் நிப்பிள்கள் பளபளவென்று இருக்கும், உள்ளே மறைந்திருப்பது ஒன்று எத்தனையோ வருடமாகக் கிரீஸையே பார்த்திருக்காது. கிரீஸ் கன் வைப்பதற்கு முன் நிப்பிள் தலையை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள், இல்லையென்றால் கிரீஸோடு மணலையும் ஏற்றுகிறீர்கள். பழைய கருப்புக் கிரீஸ் ஓரமாகப் பிதுங்கி, புதியதன் நிறம் தெரியும் வரை அடியுங்கள். ஏறவே மறுக்கும் நிப்பிளை மாற்றுங்கள், ஒரு டீ வடை காசுதான். சாதாரண லித்தியம் கிரீஸ் போதும்.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று கையேட்டில் ஒரு கணக்கு இருக்கும். நம் கடற்கரையில் அதை மறந்துவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடியுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரிக்குப் பின்னால் போயிருந்தாலோ, தேங்கிய உப்புத் தண்ணீரில் இறங்கியிருந்தாலோ, அன்று மாலையே.

ஆட்டத்துக்கு வருகிறேன். வண்டியைத் தரையில் நிறுத்தி, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே கையை விட்டு ஒவ்வொரு ஜாயிண்டாகப் பிடியுங்கள். எந்த ஜாயிண்டில் உள்ளங்கைக்கு டக் டக் என்று தட்டுகிறதோ, அதுதான் தேய்ந்தது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததைக் கை சொல்லிவிடும். தேய்ந்த டைராடு எண்டை (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ஜாயிண்ட்) மாற்றும்போது, நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின் புதிது போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடுவது, கம்பியை முறுக்கி விடுவது எல்லாம் வேண்டாம்.

ரேக் பூட்டையும் தடவிப் பாருங்கள். உங்கள் பக்கம் சீமைக் கருவேலம் இல்லாத வரப்பு ஏது? முள் டயரில் குத்தினால் காற்று இறங்கி நமக்குத் தெரியும். பூட்டில் குத்தினால் ஒரு சத்தமும் வராது, அந்த ஊசித் துளை வழியாகத் தூசியும் ஈரமும் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வருடம் கழித்து ரேக் போச்சு என்று வருவார்கள். பூட்டைத் திருப்பிப் பார்த்தால் முள் அங்கேயே குத்தி நிற்கும்.

*

ராமேஸ்வரம் வாசகர்: "ஆம்னி வேன். காலையில் மீன் பெட்டி, பகலில் தனுஷ்கோடி சவாரி. மூன்று வருடத்தில் இரண்டு தடவை டைராடு எண்டு மாற்றியாயிற்று. சாமான் டூப்ளிகேட்டா?"

சாமானைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் வேனின் ஒரு நாளைப் பாருங்கள். ஐஸ் உருகிய மீன் தண்ணீர் தரை வழியாக ஒழுகி அடிச்சட்டத்திலும் பிரேக் பைப்பிலும் இறங்குகிறது. அது காய்வதற்குள் முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை போகிறீர்கள். 2017ல் அந்தத் தார்ச்சாலை திறந்ததிலிருந்து வண்டி கடல் தண்ணீரில் இறங்குவது நின்றது, நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை, மேலே பறக்கிற மணல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் சாரல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவதைத் துடைக்கிறீர்கள் அல்லவா, அதேதான் அடியிலும் படிகிறது. அங்கே துடைக்க ஆளில்லை.

கழுவ வேண்டும் என்று சொல்வேன், தண்ணீருக்கு எங்கே போக என்று கேட்பீர்கள். குடத்துக்குக் காசு கொடுக்கிற ஊரில் வேனுக்குக் குழாய் பிடி என்று சொல்ல எனக்கு வாய் வராது. செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி இதற்கென்றே வையுங்கள். பத்து லிட்டர் நல்ல தண்ணீர் போதும். சக்கர வளைவு, டைராடு எண்டு, ரேக் பூட், பிரேக் பைப் போகும் பாதை, பின் சட்டம் என்று குறி பார்த்து அடியுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் அடித்தாலே வித்தியாசம் தெரியும். உவர்நீரால் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

மீன் பெட்டிக்கு அடியில் ஓரம் மடித்த தார்ப்பாய் போட்டு, தண்ணீரைப் பின் கதவு வழியாக வடிய வையுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பிரேக் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதிலாகப் பெயர்ந்தால் அது நீங்கள் செய்கிற வேலை இல்லை, அன்றே பட்டறைக்குப் போங்கள்.

டைராடு எண்டு வாங்கும்போது அதன் சின்ன ரப்பர்த் தொப்பியைத் தூக்கி உள்ளே கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பலதில் பெயருக்குத்தான் இருக்கும். கொஞ்சம் நிரப்பி மாட்டினால் கூடுதலாக உழைக்கும்.

*

தேவிபட்டினம் வாசகர்: "ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். தெளிவாகத்தான் இருக்கிறது. கூலண்ட் அவசியமா? நம் ஊரில் பனியா பெய்கிறது?"

வாயில் வைத்துப் பாருங்கள், தெளிவு தெரியும். அந்த உப்பு ரேடியேட்டருக்குள் பாறையாகப் படியும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். கூலண்ட் உறையாமல் இருக்க மட்டுமல்ல, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை ஏற்றவும்தான். பாதி கூலண்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வடித்த கூலண்டைத் தட்டில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் குடித்தால் செத்துப்போகும்.

*

பனைக்குளம் மாணவர்: "யூடியூப் பார்த்து ஒரு பக்க டைராடு எண்டை நானே மாற்றினேன் அண்ணே. இப்போது நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது."

பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணினீர்களா? எண்ணியிருக்க மாட்டீர்கள். லாக் நட் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு, பிறகு கழலும் சுற்றுகளை எண்ணுவது, புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றுவது, இவ்வளவுதான் விஷயம். அப்படிச் செய்தாலும் அது அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப் போவதற்கு மட்டும்தான், அலைன்மெண்ட்டுக்குப் பதில் அல்ல. இப்போதைக்கு லாக் நட் இறுக்கமாக இருக்கிறதா, காட்டர் பின் போட்டீர்களா என்று இன்றே பாருங்கள். இரண்டும் சரியென்றால் மெதுவாக ராமநாதபுரம் போய் அலைன்மெண்ட் பாருங்கள். கோணலோடு ஒரு மாதம் ஓட்டினால் டயரின் ஓரம் பிளேடு போட்டு வழித்தாற்போல் ஆகிவிடும்.

ஆனால் நீங்களே முயன்றது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

பாம்பன் வாசகர்: "மாற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது? அடிச்சட்டத்தில் பூசினால் துரு வராது என்கிறார் மாமா."

உங்கள் மாமா சொல்வதை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். பழைய ஆயிலை டீசலில் கலந்து ஜீப்புகளின் அடியில் அடிப்போம். மணல் ஒட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் மாவாகிவிடும். ரப்பர் புஷ், ரேக் பூட், பிரேக் ஹோஸ் மூன்றும் ஊறிப்போகும். துருவை மிச்சம் பிடித்து ஸ்டீயரிங்கைக் கெடுத்துக்கொண்டோம். இதற்கென்று மெழுகுப்பூச்சு விற்கிறது, அதை அடியுங்கள், ரப்பரை மட்டும் விட்டுவிடுங்கள்.

பழைய ஆயிலை மணலிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். உங்கள் வாசலிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? அந்தப் பக்கம் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, இந்தப் பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. உங்கள் வீட்டுக் குழம்பு இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. டப்பாவில் சேர்த்து வைத்துப் பழைய ஆயில் எடுக்கும் பெரிய சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். பிரேக் ஆயிலையும் கூலண்டையும் அதோடு கலக்காமல் தனித்தனி டப்பாவில் வையுங்கள், கலந்தால் வாங்க மாட்டார்கள்.

*

உச்சிப்புளி வாசகர் ஒருவர், பட்டறையைத் தினமும் கடந்து போகிறவராம்: "உங்கள் சொந்தக் கார் என்ன? அதை எப்படிப் பராமரிக்கிறீர்கள்?"

மாருதி 800. பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதனால் அந்த ஆயிலும் கிடையாது. பிரேக் ஆயில் போன மாசியில் மாற்றினேன். கூலண்ட் சரியாக இருக்கிறது. இடது பக்க ரேக் பூட் மட்டும் கிழிந்திருக்கிறது, அதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புது பூட் வாங்கி மூன்று வாரமாக டேஷ்போர்டில் கிடக்கிறது. இந்த ஊரில் மழையென்றும் சாக்குச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுகிறேன்.